‘பாவம்’ என்பவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவும்

ஜனவரி 11

குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவின் பேரரசியும், ஒரு நாளைக்கு நானூறு பேரின் வசவைக் காதில் வாங்கிக்கொண்டு ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று தேன் ஒழுகப் பேசுகிறவளும், சொந்தத் தம்பியின் எண்ணை மட்டும் போனில் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டவளுமான அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொள்வது. இப்படி விழுந்தபடி எழுதுவது சிரமம். கையெழுத்து கோணலாக இருந்தால் பக்திதான் காரணம்.

நான் நலம். பட்டறையும் நலம். இந்தப் பட்டறையில் நான் இதுவரை அடித்த ஆணிகளை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்து, வேறு வழியாகத் திரும்பி வரலாம். போன மாதம் ஒரு பையனுக்கு விண்வெளி ஓடம் செய்தேன். எட்டு வயது, சிறுநீரகக் கோளாறு. உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஜன்னல் சின்னதா இருக்கே, வேற்றுக்கிரகவாசி எப்படி எட்டிப் பார்ப்பான்?” என்றான். அன்று முழுக்க ஜன்னலை அறுத்துக்கொண்டிருந்தேன். நோயாளிப் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அறக்கட்டளைக்குத் தச்சனாக இருப்பதைவிட, நாலு பேரரசர்களுக்கு ஒரே நேரத்தில் மந்திரியாக இருப்பது சுலபம்.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் மகள், நம் மிளகின் பெயரை இங்கே கொடுத்துவிட்டேன். தாய்மாமன் என்ற உரிமையில் விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். ‘குழந்தையின் ஆசை’ என்ற கட்டத்தில் ‘கப்பல்’ என்று எழுதினேன். மூன்று அடுக்குக் கப்பல், மேலே கொடி, அவள் கையில் தொலைநோக்கி. நடுக்கடலில் திமிங்கிலங்கள் வரிசையில் நின்று வணக்கம் வைக்கும். அதற்கும் நான் ஏற்பாடு செய்கிறேன்.

உங்கள் ஊர்க் கிளையிலிருந்து இரண்டு அம்மாக்கள் வருவார்கள். நல்லவர்கள். கதவைத் திற.

பதினோரு மாதமாக உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்பதே மறந்துபோகிற நிலையில்,
உன் தம்பி

*

ஜனவரி 19

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

கையில் மஞ்சள் கோப்பு, சட்டையில் அட்டை. எதிர் வீட்டுக்காரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் இருந்த அறக்கட்டளைப் பெயரைப் படித்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் நினைவில்லை. உன் அத்தான் என்னைப் பிடித்துச் சமையலறைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வார்டில் எங்கள் பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன் இருந்தான். ஒரு நாள் அவனைத் தேடி அந்த அட்டை போட்டவர்கள் வந்தார்கள். விளையாட்டு வீரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள், எல்லாரும் கை தட்டினோம். மூன்றாவது வாரம் அந்தப் படுக்கை காலி. “அவங்க வந்தாலே அவ்வளவுதான்” என்று தரை துடைக்கிற அம்மா என் காதில் சொன்னாள். நான் அதை நம்பினேன்.

அதனால் அன்று மதியமே பெரிய டாக்டரிடம் ஓடினேன். “என்கிட்ட ஏன் மறைச்சீங்க?” என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது, இன்னும் ஒரு வருஷம் ஊசி பாக்கி, அவ்வளவுதானே என்றார். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து அவர் வாயால் அதைக் கேட்கும்வரை ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தை உன் திமிங்கிலங்கள் எனக்குத் திருப்பித் தராது.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் அவள் காலிலும் கையிலும் நீலமாகத் தடிப்பு வந்தபோது உனக்கு போன் செய்தேன். “பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில சிறுத்தையோட சண்டை போடறா, அவ்வளவுதான்” என்றாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒவ்வொரு தடிப்புக்கும் ஒரு மிருகம். முழங்காலுக்குச் சிறுத்தை, தோளுக்குக் கரடி, விலாவுக்கு முதலை. தினமும் போன் போட்டு, இன்றைக்கு யார் கடித்தது என்று கேட்பாய். அப்படியே ஒரு மாதம் போனது. மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். நீ ஓடிவந்தாய். தாழ்வாரத்தில் என் முகத்தைப் பார்த்ததும் முதல் வார்த்தையே, “முதலை இந்தப் பக்கம் வந்துச்சா?” என்றாய். போய்விடு என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் சொன்னேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. கப்பலை நீயே வைத்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 28

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வேடிக்கையாக இல்லாமல் இருக்க முயன்று அதைவிட வேடிக்கையாகப் போனது. மூன்றாவதில் மன்னிப்பு மட்டும் இருந்தது, அதைப் படித்தால் வேறு யாரோ எழுதினதுபோல இருந்தது. இது நான்காவது.

மிருகங்களைப் பற்றி நீ சொன்னது நடந்தது நடந்தபடிதான். தாழ்வாரத்தில் உன் முகத்தைப் பார்த்தபோது பயந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வேறு எதுவும் வரவில்லை. அதைச் சொல்லி ஆவது ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதிலாவது நான் ஒழுங்கு. தரை துடைக்கிற அம்மா சொன்னது தப்பு. இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாரும் போகிறவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் வளர்ந்து திரும்பி வருகிறார்கள். வந்து என்னைத் திட்டுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒருத்திக்கு மரவீடு செய்தேன். இப்போது என்னைவிட உயரம். போன வாரம் வந்து, “அந்தப் படிக்கட்டு ஆடிச்சு, நான் விழுந்தேன் தெரியுமா?” என்று சண்டை போட்டாள். பட்டறைச் சுவரில் அவர்கள் உயரத்தைப் பென்சிலால் குறித்துவைக்கிறோம். கூரை வரைக்கும் கோடுகள் இருக்கின்றன. இந்த இடத்தில் ‘கூரையைத் துளைத்து வானம் வரை’ என்று எழுதக் கை பரபரக்கிறது. எழுதவில்லை. கூரை வரைக்கும்தான். சில பெயர்களுக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகளின் உடம்பில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் எல்லாம் மற்றவர்கள் சொன்னபடிதான் நடக்கிறது. அதில் ஒரு நாள் அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும். இங்கே செய்கிற வேலை அவ்வளவுதான்.

கப்பலைக் கிளைக்காரர்கள் அன்றைக்கே அடித்துவிட்டார்கள், எனக்குத் திட்டும் விழுந்தது. பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டு வேறு வேறு நாளில் கேட்பார்கள், இரண்டிலும் ஒன்றையே சொன்னால்தான் ஆசை. சொந்தக்காரன் அந்தப் பக்கமே தலை வைக்கக்கூடாது, அந்தப் பிள்ளைக்கான வேலையிலும் கை வைக்கக்கூடாது. நான் தலையை எடுத்துக்கொண்டேன். எனக்காக வேண்டாம். கேட்க மட்டும் விடு.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

கேட்க விட்டேன்.

முதல் தடவை நாற்பது நிமிஷம். நானும் அத்தானும் வெளியே ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அந்த அம்மாவின் குரல் கேட்கவில்லை, இவள் குரல்தான் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, ஆனால் யாரையோ அதட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் சிரித்தாள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் ஏதாவது சொன்னால் எங்களுக்காகச் சிரிக்கிற ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள். இது அது இல்லை.

இரண்டாம் தடவை போன திங்கட்கிழமை. வெளியே வந்து அந்த அம்மா, “அதையே சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல்” என்றார். கையெழுத்துப் போட்டேன். அத்தானும் போட்டார். அவர் பேனா மூடியைத் தேடிக்கொண்டே இருந்தார், மூடி அவர் வாயில் இருந்தது.

என்ன ஆசை என்று உனக்குச் சொல்ல மாட்டேன். விதி என்கிறார்கள். விதி இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தலையில் முடி இல்லை. தொப்பி போட்டால் அரிக்கிறது என்று எறிந்துவிடுகிறாள். வாயெல்லாம் புண். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது “ஐயோ பாவம்” என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “அவங்க போயிட்டாங்களான்னு பாரும்மா” என்கிறாள். நேற்று என் அத்தையே போக வேண்டியதாயிற்று.

நான் அரை நாள் அலுவலகம் போகிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது கத்தினால் ஆறுதலாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 23

அக்கா,

நீ எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போது என்னால் மூச்சை நன்றாக இழுத்துவிட முடிகிறது. ஆசை என்னவென்று நான் கேட்கவே மாட்டேன். எதற்குக் கேட்க வேண்டும்? கப்பல்தான். அவள் உடம்பில் பாதி என் ரத்தம், அது கப்பலைத் தவிர வேறெதைக் கேட்கும்? எங்கள் மேலாளர் கப்பல் வேலையை வேறு ஊர்ப் பட்டறைக்குக் கொடுத்திருப்பார், நான் கை வைக்கக்கூடாது என்று. மனுஷன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நானும் ஒன்றும் தெரியாததுபோல மேதை மாதிரி நடமாடுகிறேன்.

ஆனால் இன்றைக்கு எனக்கு வந்திருக்கிற வேலையைப் பற்றி உனக்கு எழுதாவிட்டால் தலை வெடித்து, சிதறல்கள் பக்கத்து மாவட்டத்தில் விழும். எங்களுக்கு வருகிற தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. எண்ணும் வயதும் அளவும் மட்டும். இது எண் 41. வயது ஒன்பது. ஒரு நாள் பஸ் கண்டக்டராக இருக்க வேண்டுமாம்.

பிள்ளை சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். படி.

“ஒரு வருஷமா எல்லாரும் என்னைய நகரு, படு, வாயத் தொற, கையக் காட்டுன்னு சொல்றாங்க. நான் ஒரு பஸ் நிறைய ஆளுங்கள உள்ள போங்க உள்ள போங்கன்னு சொல்லணும். எல்லாரும் டிக்கெட் எடுக்கணும். டாக்டரும் எடுக்கணும். யாரும் படியில நிக்கக் கூடாது. பாவம்னு சொல்றவங்க அடுத்த ஸ்டாப்புல இறங்கிடணும், மீதிச் சில்லறை கிடையாது.”

அக்கா, நான் இதுவரை எத்தனையோ சக்கரவர்த்திகளுக்கு வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒரு சட்டம் இயற்றிய சக்கரவர்த்தி யாரும் இல்லை. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பட்டறையில் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்தேன். பசைக்காரர் கையில் பசையோடு நின்றார்.

பஸ்ஸை அந்த ஊரிலேயே கொடுக்கிறார்கள். நான் செய்ய வேண்டியது தோல் பை, இருநூறு டிக்கெட், கயிறு இழுத்தால் அடிக்கிற மணி, நிறுத்தங்களின் பெயர்ப்பலகை. விசில் கூடாதாம், வாய்ப்புண். பலகையில் எழுத வேண்டிய பெயர்கள் பின்னால் வரும், பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறதாம். அளவைப் பார்த்தேன். ஒன்பது வயதுக்கு ஆறு வயதின் தோள். அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பிள்ளை யாரோ, எங்கே இருக்கிறதோ. அதன் அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போல இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் அவர் எழுந்து கொடியில் காயாத துணியை எடுத்து மடித்துவைத்தார்.

அந்த எண் 41 பிள்ளையின் பை விஷயமாக ஒன்று. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மருந்து ஏற்ற இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். பார்த்தால் பட்டன் மாதிரிப் புடைத்திருக்கும். பையின் வார் அதன் மேல் படக்கூடாது. வலது தோளில் மாட்டி வலது பக்கமே தொங்குகிற மாதிரி செய். வாருக்கு அடியில் பருத்தித் துணி கொடு. தோல் பட்டால் சிவந்துபோகும். பை காலியாகவே இருந்தாலும் கனமாகத் தெரியும், அதனால் மெல்லிய தோல். பொய்த் தோல் வேண்டாம், வாசனை குமட்டும்.

டிக்கெட் கிழிப்பதற்கு நடுவில் ஓட்டை வரிசை நெருக்கமாகப் போடு. விரலில் பலம் இருக்காது. ஆனால் தானேதான் கிழிக்க வேண்டும் என்பாள். அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்கிறேன்.

கப்பலைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

போன வாரம் வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தோம். இப்போது பரவாயில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவற்றின் நடுவில் நடந்து பழகுகிறாள். எதற்கு என்று நீ கேட்கக்கூடாது.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

பெயர்ப்பலகைத் தாள் இன்று காலை வந்தது.

பத்து நிறுத்தம். பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவைத்திருந்தேன். தூரிகையை எடுத்து முதலாவதாக ‘ஊசி முனை’ என்று எழுதினேன். பசைக்காரரிடம் காட்டிச் சிரித்தேன். இரண்டாவது ‘வாந்திப் பாலம்’. மூன்றாவது ‘பெரிய டாக்டர் கொட்டாவி வளைவு’. நாலு, ஐந்து, ஆறு எழுதினேன். ஏழாவதை இங்கே எழுத மாட்டேன். எட்டாவது, ‘சிறுத்தை கடிச்ச தெரு’. அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. சிறுத்தை என்ன, நமக்கு மட்டும்தான் சொந்தமா என்று நினைத்துக்கொண்டே அதையும் எழுதிவிட்டேன். ஒன்பதாவது, ‘மாமா பொய்ச் சந்தி’.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

வலது தோள், பருத்தித் துணி, ஓட்டை வரிசை. அத்தனையும் எழுதினாயே, எனக்கு ஏன் தெரியவில்லை? கப்பல் கப்பல் என்று கத்திக்கொண்டிருந்த காதில் வேறு எதுவும் விழாது போலிருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். எனக்கு வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் தெரியாதாம். தாளில் பெயர் இல்லாதது இதற்குத்தான் என்றார். பையும் டிக்கெட்டும் முடிந்துவிட்டன, இனி மாற்ற நேரமில்லை, பலகையை மட்டும் வேறு ஆள் முடிக்கட்டும் என்றார். விதி என்றால் விதி. கடைசி நிறுத்தத்தை இன்னொருவர் எழுதினார். ‘வீடு’. பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைவிட அவர் எழுத்து அழகு. இதை நான் வேறு யாரைப் பற்றியும் ஒத்துக்கொண்டதே இல்லை.

வேலையில்தான் சொந்தக்காரன் கை வைக்கக்கூடாது. பயணியாக வரலாமாம். குடும்பம் ஒத்துக்கொண்டால்.

நின்றுகொண்டே வருகிறேன் அக்கா. உட்கார இடம் வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 21

தம்பிக்கு,

ஏழாவது நிறுத்தத்தை நீ எழுதாமல் விட்டாய். அதனால் அவளிடமே கேட்டேன். சொன்னாள்: “அம்மா குழாயத் தொறந்துவிட்டு அழற பாத்ரூம்.”

குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் ஒரு வருஷமாகத் தண்ணீரை வீணாக்கியிருக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை என்று வேறு நினைத்திருந்தேன். “ஸ்டாப் பேர மாத்திடவா?” என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வருஷமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பயந்து கேட்காமலிருந்த கேள்வி. அந்த ஒரு மாதம் முன்னாடியே கூட்டிவந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? அவர் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து நிதானமாகப் பார்த்தார். இதே நோய், இதே மருந்து, இதே இரண்டு வருஷம்தான் என்றார். “கூட்டிட்டு வந்தீங்கல்ல, அதப் பாருங்க” என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. உன் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ சொல்லித்தான் அவள் சிரித்தாள், சரி. நான் உன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்து தினமும் அந்தக் காலைப் பார்த்தது நான். நீ போனில்தான் இருந்தாய். உன்னைத் துரத்தாமல் வைத்திருந்தால், என்னைத்தான் துரத்தியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் முப்பத்திரண்டு இருக்கை. யார் யார் வரலாம் என்று கண்டக்டரே பட்டியல் எழுதினாள். ஓட்டுநர், நான், அத்தான், அதற்கு அடுத்தது நீ. பட்டியல் என்னிடம்தான் வந்தது, வேண்டாதவர்களை அடிக்கலாம் என்றார்கள். மூன்று பேரை அடித்தேன். உன்னை அடிக்கவில்லை.

ஏப்ரல் ஐந்து, காலை பத்து மணி, மருத்துவமனை வாசலிலிருந்து. முகக்கவசம் போட வேண்டும். ஏறும்போது எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பார்கள். சளி, இருமல் எதுவும் இருக்கக்கூடாது, அவளுக்கு இப்போது எது ஒட்டினாலும் ஆபத்து.

அவளிடம் நீ வருவதாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 5, காலை எட்டு மணி

அக்கா,

மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் இருக்கிற விடுதியிலிருந்து எழுதுகிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவர் உன் கையில் கொண்டுவந்து கொடுப்பார். நல்ல மனிதர், இதைத் தொட்டதும் கையைக் கழுவச் சொல்லியிருக்கிறேன், நீயும் கழுவு.

இரண்டு நாள் ரயில். நேற்று மாலை இறங்கினேன். புதுச் சட்டை. காலையில் எழுந்தபோது எச்சில் விழுங்கினால் வலித்தது. கடையில் காய்ச்சல்மானி வாங்கிப் பார்த்தேன், நூறு புள்ளி இரண்டு.

கடைக்காரர் ஒரு மாத்திரையை எடுத்து வைத்தார். “இதப் போட்டா அரை மணி நேரத்துல இறங்கிடும், பத்து மணிக்கு நீங்க எங்க வேணா போகலாம்” என்றார். நாற்பத்து மூன்று வருஷமாகப் பொய்யிலேயே குளித்துப் பொய்யாலேயே துவட்டுகிறவன் நான். வாசலில் காய்ச்சல் பார்க்கிற பிள்ளையை ஏமாற்ற எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. தொண்டை கரகரக்கிறதே என்றால் ரயில் தூசி என்றிருப்பேன். முகக்கவசம் இருக்கிறது, கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றிருப்பேன். எல்லாம் தயாராக இருந்தது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வரவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

நீ எழுதியது கிடைத்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள்.

“மாமா வரலையா?”

“தொண்டை வலியாம். காய்ச்சலாம்.”

“நிஜக் காய்ச்சலா, மாமா கதைக் காய்ச்சலா?”

“நிஜமாத்தான்.”

“அப்ப வரக்கூடாதுதான்” என்றாள். அப்புறம் திரும்பி, ஓட்டுநரிடம், “அண்ணே, நேரமாச்சு” என்று ஒரு அதட்டல்.

இரண்டு மணி நேரம் ஓடியது. உட்காரவே இல்லை. பெரிய டாக்டர் கதவுப் பக்கம் நின்றார். “உள்ள போங்க சார், உள்ள இடம் இருக்குல்ல” என்று அவரைப் பின் இருக்கை வரை தள்ளினாள். அவர் டிக்கெட்டுக்குப் பெரிய நோட்டை நீட்டினார். “காலையிலேயே இத நீட்டினா நான் எங்க போறது?” என்றாள். இதை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. நர்ஸ் ஒருத்தி இவள் கயிற்றை எட்டிப் பிடிப்பதைப் பார்த்து வாய் தவறி “ஐயோ, பாவம்” என்றுவிட்டாள். மணி அடித்தது. பஸ் நின்றது. “இறங்குங்க” என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கினாள், இறங்கிய பிறகுதான் பஸ் நிஜமாகவே போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனாளாம்.

ஏழாவது நிறுத்தத்தை உரக்கச் சொன்னாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தான் பார்த்தார். “நான் இறங்கலாமா?” என்றார். “நீங்க வீடு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்க, உக்காருங்கப்பா” என்றாள்.

திரும்பும்போது பஸ் உன் விடுதித் தெரு வழியாகத்தான் வந்தது. அவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள், வெளியே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எதிர்ப்பக்கம், மூடியிருந்த கடைக்கு முன்னால், முகக்கவசத்தோடு, யாரும் பக்கத்தில் இல்லாமல் தள்ளி நின்றிருந்தாய். கையைத் தூக்கவில்லை. கூப்பிட வேண்டும் போல இருந்தது. கண்டக்டர் வேலையில் இருக்கும்போது கவனத்தைக் கலைக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். அது காரணம் இல்லை. கூப்பிட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அவள் மணியை அடித்து என்னையும் இறக்கிவிட்டிருப்பாள்.

மெலிந்திருக்கிறாய். புதுச் சட்டை உனக்கு ஒரு சுற்றுப் பெரியது.

ஊருக்குப் போய்விடாதே. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னார். மேலாளரிடம் விடுப்பு கேள். தினமும் மதியம் அத்தான் சாப்பாடு கொண்டுவந்து உன் அறை வாசலில் வைப்பார். அவர் போன பிறகு கதவைத் திற. அவர் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்பார். அதற்கு அர்த்தம் நலம் விசாரிக்கிறார் என்று.

அவள் நேற்று மதியம் படுத்தவள் இன்று காலையில்தான் எழுந்தாள். கால் வலிக்கிறது என்றாள், பெருமையாக. திங்கட்கிழமை அடுத்த ஊசி.

பத்து நாள் ஒன்றும் பெரிதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

சாப்பாடு வந்தது. முதல் நாள் அத்தான் வாசலில் நின்ற நேரம் நாலு நிமிஷம், நேற்று ஆறு, இன்று கிட்டத்தட்ட பத்து. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றேன். இப்படியே போனால் பத்தாவது நாள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒரு யுகம் நிற்போம், விடுதிக்காரர் எங்களைச் சுற்றிக் கட்டிடம் கட்டிக்கொள்வார், வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள்.

இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலில் கழுத்தை நீட்டினால் மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஓரம் தெரிகிறது. திங்கட்கிழமை ஊசிக்கு அவளைப் படுக்க வைக்கிற அறை அந்தப் பக்கமா, அடுத்த பக்கமா என்று தெரியாது. விடுதிக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. இருக்கட்டும், எதற்கும் அந்தப் பக்கமாகவே உட்காருகிறேன்.

மிளகிடம் சொல்: கண்டக்டரைப் பார்க்க ஒரு மாமா காத்திருக்கிறார், வரிசையில் நிற்கிறார், முண்டியடிக்கவில்லை.

காய்ச்சல் ஏழாம் தேதி காலை விட்டது. அன்று 98.8. நேற்று 98.4. இன்று காலை 98.6, மதியமும் அதேதான், இரண்டு தடவை பார்த்தேன். தொண்டையில் வலி இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை அக்கா, காய்ச்சல்மானியில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள் போயிற்று. இன்னும் எட்டு.

தம்பி